படாக் தூளின் சிவப்பு

டெலானிபூர், போர்ட் பிளேர்
6 பிப்ரவரி 1967

அன்புள்ள மருமகள் கிரேசிக்கு மாமா மத்தியாஸ் எழுதுவது. தோத்திரம்.

இதெல்லாம் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். சாத்தம் ஜெட்டியில் உன் அம்மை மூக்கைச் சிந்திக்கொண்டு நிற்க, நான் ஒருத்தன் மட்டும் நிதானமாக நின்று, "மக்கா, பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடு, பாட்டுச் சொல்லிக்கொடு, படம் மட்டும் சொல்லிக்கொடுக்காதே. படத்தால் வம்பு வரும்" என்று சொன்னேனா இல்லையா? ஜெட்டியில் இருந்த பாதிப் பேர் கேட்டார்கள். ஒரு பஞ்சாபி சர்தார்ஜி தமிழ் தெரியாமலே தலையாட்டினார்.

இப்போது பார். நீ எனக்கு ஒரு வரி எழுதவில்லை. கப்பல் சுக்கானி உதுமான் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டியிருக்கிறது. நேற்று மில் வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டு, "மத்தியாஸ் அண்ணே, ஒங்க மருமக டீச்சர் ட்ரெயினிங்குக்குப் போயிருக்கிற பள்ளிக்கூடத்துல ஜங்கிளாத் ரேஞ்சர் வந்து ஒரு படத்தைக் கழட்டிக்கிட்டுப் போயிட்டாராம்ல? பொண்ணு செலை மாதிரி நின்னுச்சாம்" என்றான். நான் அசரவில்லை. "எனக்கு முன்னாலேயே தெரியும்வே" என்றேன்.

ஆனால் என்ன படம், ஏன் கழற்றினார் என்று அவனுக்குத் தெரியவில்லை. காட்டு இலாகாக்காரனுக்குப் படத்தில் என்ன வேலை? நீ ஏதாவது பெரிய ஆளைக் கேலிச்சித்திரம் போடச் சொன்னாயா? பயிற்சி முடித்து நீ டீச்சர் ஆகிவிட்டால் நம் குடும்பத்தில் சர்க்கார் ரப்பர் ஸ்டாம்ப் குத்துகிற முதல் ஆள் நீதான். அதைக் கெடுத்துக்கொள்ளாதே.

எதற்கும் பயப்படாதே. சாத்தம் மில்லில் விஞ்ச் கைப்பிடி யார் கையில் இருக்கிறது? கடலில் மிதந்து வரும் கட்டையை நான் மேலே இழுத்துக் கொடுக்காவிட்டால் அத்தனை ரம்பமும் பல்லைக் காட்டிக்கொண்டு சும்மா நிற்கும். காட்டு இலாகாவில் என்னைத் தெரியாத ஆள் கிடையாது. முழுதாக எழுது.

உன் மாமா
மத்தியாஸ்

❖

ஷிமுல்தலா, ரங்கத்
11 பிப்ரவரி 1967

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் ஜெட்டியில் சொன்னது வேறு. குடையை யாருக்கும் இரவல் கொடுக்காதே என்றீர்கள். பெங்காலிக் குழம்பில் கடுகு அதிகம், வயிற்றைப் பார்த்துக்கொள் என்றீர்கள். படத்தைப் பற்றி யாரும் எனக்கு எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நடந்ததை எழுதுகிறேன். அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.

இங்கே ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு ட்ராயிங் நடத்துவது என் பயிற்சி. இந்தப் பள்ளிக்கு ட்ராயிங் மாஸ்டர் இதுவரை வந்ததே இல்லை. பாடப் புத்தகத்தில் பானை இருக்கிறது, மாம்பழம் இருக்கிறது, ரயில் வண்டி இருக்கிறது. ரயிலைக் கண்ணால் பார்த்த பிள்ளை ஒன்றுகூட இங்கே கிடையாது. பலகையில் நான் போட்டதைப் பார்த்து எல்லாரும் ஒரே ரயிலை வரைந்தார்கள். எனக்குச் சலித்துவிட்டது. அடுத்த பாடத்துக்கு "கண்ணால் கண்டதை வரைதல்" என்று குறிப்பு எழுதினேன். வீட்டில் பார்த்ததை வரையச் சொன்னேன்.

வண்ணப் பெட்டிகள் கப்பலில் வரும் என்றார்கள், வரவில்லை. அதனால் வீட்டிலிருந்தே நிறம் கொண்டு வரச் சொன்னேன். மஞ்சள் பொடி, அடுப்புக்கரி, துணிக்குப் போடும் நீலம், அவரை இலைச் சாறு என்று ஆளுக்கொன்று கொண்டு வந்தார்கள். ஏழாம் வகுப்பில் சுசீலா மண்டல் என்று ஒரு பெண். அதிகம் பேசமாட்டாள். அவள் ஒரு கொட்டாங்கச்சி நிறையச் சிவப்பு கொண்டு வந்தாள். அப்படி ஒரு சிவப்பை நான் கடையில்கூடப் பார்த்ததில்லை. ஏதோ தூளைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊற வைத்துக் கஞ்சி கலந்திருந்தாள். அம்மா அடுப்பு ஊதுவதை வரைந்து, சேலைக் கரைக்கும் நெருப்புக்கும் அதைத் தீட்டியிருந்தாள். நான் அதை எடுத்து வகுப்பு முழுவதற்கும் காட்டினேன். கயிற்றில் நடுவே தொங்கவிட்டேன்.

பள்ளிக்குப் பெஞ்சு செய்ய மரம் தருவது பற்றிப் பேச ரேஞ்சர் வந்திருந்தார். ஹெட்மாஸ்டர் ஜம்புலிங்கம் சார்தான் பெருமையாக அவரை என் வகுப்புக்கு அழைத்து வந்தார். ரேஞ்சர் எல்லாப் படத்தையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தார். சுசீலாவின் படத்தருகில் நின்றார். விரலை நாக்கில் தொட்டுச் சிவப்பின் மேல் தேய்த்தார். முகர்ந்தார்.

"யே லால் கிஸ்கா ஹை?" என்று, அந்தச் சிவப்பு யாருடையது என்று கேட்டார்.

சுசீலா எழுந்தாள். மாமா, அவள் எவ்வளவு சந்தோஷமாக எழுந்தாள் தெரியுமா? "மேரா, சாப்! என்னுது!"

"எங்கேருந்து கெடச்சுது, மகளே?"

"எங்க வீட்டுல, பரணுக்குக் கீழே. பாபா பலகை அறுத்த தூள்."

ரேஞ்சர் படத்தைக் கழற்றிச் சுருட்டினார். என்னைப் பார்த்து, "டீச்சர்ஜி, இது படாக் மரத்தூள். பழசு இல்ல, புதுசா அறுத்தது. இவ சொன்னதை நீங்களும் கேட்டீங்க, இல்ல?" என்றார்.

நான் தலையாட்டினேன்.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குடியேறி வந்தவர்கள் வீடு கட்ட வேறு மரம் கேட்டு வாங்கலாம், படாக்கைத் தொடக்கூடாது. அவ்வளவும் உங்கள் மில்லுக்கு வரவேண்டியது. சுசீலாவின் அப்பா நிமாய் மண்டல் அதை வெட்டவில்லை. புயலில் காட்டு எல்லைக்கு அந்தப் பக்கம் விழுந்து கிடந்த மரத்தை அறுத்து வீட்டுக்குத் தரைப் பலகை போட எடுத்து வைத்திருக்கிறார். மார்ச் மாதம் பெரிய அதிகாரி வந்து விசாரிப்பாராம். குற்றம் என்று ஆனால் அவருக்குக் கொடுத்த நிலத்தை ரத்து செய்யலாம் என்று பேசிக்கொள்கிறார்கள். கிழக்கு வங்காளத்தில் ஒரு நிலத்தை விட்டுவிட்டு வந்தவர் அவர்.

என்னைச் சாட்சியாகக் கூப்பிடுவார்கள்.

உங்கள் மருமகள்
கிரேசி

❖

டெலானிபூர்
15 பிப்ரவரி 1967

அன்புள்ள கிரேசிக்கு,

பூ! இவ்வளவுதானா? நான் யாரோ செத்துப்போனார்கள் என்று நினைத்துவிட்டேன்.

படாக்கைப் பற்றி என்னிடம் கேள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் குளித்த தண்ணீர் சிவப்பாக ஓடுவதைப் பார்த்து உன் அம்மை, "ஐயோ மாதாவே, என் தம்பிக்கு ரத்தம் போகுதே" என்று தெருவைக் கூட்டினாள். சாத்தத்தில் அந்தத் தூள் கணுக்கால் அளவுக்குக் கிடக்கிறது. காற்றடித்தால் பாலத்தில் போகிற வெள்ளைச் சட்டைக்காரன் அக்கரையில் பிங்க் சட்டைக்காரனாக இறங்குவான்.

ஆகவே வழி சுலபம். அந்தத் தூளை நான் கொடுத்தனுப்பினேன் என்று சொல்லிவிடு. ட்ராயிங் கிளாசுக்கு ஆகும் என்று மாமா ஒரு டப்பா நிறையத் தந்தார், அதைத்தான் அந்தப் பிள்ளைக்குக் கொடுத்தேன் என்று சொல். மில்லில் வேலை செய்கிறவன் மருமகளுக்கு மரத்தூள் கொடுத்தால் எந்தச் சட்டம் தடுக்கும்? கூட்டித் தள்ளுகிற குப்பை அது.

சாட்சிக்கு டப்பாவையும் உதுமானிடம் கொடுத்திருக்கிறேன். மூடியில் கிளி படம் போட்ட பிஸ்கட் டப்பா. புதிய தூளாகப் பார்த்து நானே அள்ளினேன். உன் அம்மை அதில் ஊறுகாய் வைத்திருந்தாள், அதனால் லேசாகப் பெருங்காயம் வீசும். அது நல்லதுதான். பொய் சொல்கிறவன் பெருங்காயம் வரைக்கும் யோசிக்கமாட்டான் என்று அதிகாரி நினைப்பார்.

அதிகாரி கேட்டால், மாமா எந்தக் கிழமை தந்தார் என்று சொல்ல வேண்டும். ஞாயிறு, இரண்டாம் பூசை முடிந்து, கோயில் படிக்கட்டில் என்று சொல். நான் அப்போது நீலச் சட்டை போட்டிருந்தேன். எனக்கே இப்போது ஞாபகம் வந்துவிட்டது பார்!

இதில் யாருக்கும் சேதம் இல்லை. அந்த மண்டலுக்கு நிலம், உனக்கு சர்டிபிகேட், எனக்குப் புண்ணியம்.

உன் மாமா
மத்தியாஸ்

❖

ஷிமுல்தலா
19 பிப்ரவரி 1967

அன்புள்ள மாமாவுக்கு,

டப்பா வந்தது. பெருங்காயம் மணக்கிறது. உதுமான் அண்ணனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

கோபப்படாதீர்கள். ஜம்புலிங்கம் சாரும் இதையேதான் வேறு மாதிரி சொல்கிறார். "ஏம்மா, நான் செவப்பு இங்கி குடுத்தேன்னு ஒரு வார்த்த சொன்னா தீந்துச்சு. யாருக்கு என்ன நஷ்டம்?" என்றார்.

"சுசீலாவுக்கு, சார்" என்றேன்.

"அவ சின்னப் பொண்ணு. மறந்துடுவா."

மறக்கமாட்டாள். நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் எழுந்து நின்று, கேட்டதற்கு உள்ளதைச் சொன்னவள் அவள். கண்டதை வரை என்று சொன்னவள் நான். இப்போது நான் அதே இடத்தில் நின்று, "அவள் பொய் சொன்னாள், தூள் என்னுடையது" என்று சொல்ல வேண்டும். அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பாள். என்னால் முடியாது. முடியாது என்பதால் ஒரு குடும்பம் தெருவில் நின்றாலும் நிற்கும் என்பதும் எனக்குத் தெரிகிறது. இரண்டையும் வைத்துக்கொண்டு எனக்குச் சோறு இறங்கவில்லை.

நேற்று அவர்கள் வீட்டுக்குப் போனேன். போகக்கூடாது என்றார் ஹெட்மாஸ்டர், போனேன். மண்டல் வாசலில் வலை பின்னிக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. "டீச்சர்ஜி, நீங்க அவகிட்ட படம்தானே கேட்டீங்க?" என்றார். "எங்க வீட்டையா கேட்டீங்க?"

அவர் மனைவி உள்ளேயிருந்து வெளியே வரவில்லை. மழைக்காலத்தில் தரையில் ஈரம் ஏறி அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதாம். அதற்காகத்தான் பலகை.

சுசீலா கிணற்றடியில் அந்தக் கொட்டாங்கச்சியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அது எப்போதோ சுத்தமாகிவிட்டது. இருந்தும் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போனதும் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். விரல் நகத்தில் இன்னும் சிவப்பு இருக்கிறது.

மண்டல் பலகைகளைக் கல்லைக் கட்டி மாங்குரோவ் ஓடையில் தாழ்த்திவிடப் போகிறாராம். தாழ்த்தினால் கண்டுபிடிக்கமாட்டார்களா? அப்படிக் கண்டுபிடித்தால் திருட்டோடு மறைத்த குற்றமும் சேராதா?

வகுப்பில் எல்லாரும் மறுபடி ரயில் வரைகிறார்கள். நான் சொல்லாமலே. "வீட்டைப் பார்த்து வரையக்கூடாதுன்னு மா சொன்னாங்க" என்கிறார்கள். எங்கள் பயிற்சிப் பள்ளியிலிருந்து என் கடைசிப் பாடத்தைப் பார்க்க வருவார்கள். அவர்களுக்கு நான் காட்டப் போவது வரிசையாக ரயில் வண்டிகள்.

மாமா, எனக்கு நேரான வழி ஒன்று வேண்டும். காட்டு இலாகாவில் உங்களுக்குத் தெரிந்தவர்கள் என்று இத்தனை வருஷமாகச் சொல்கிறீர்களே, அவர்களில் ஒருவராவது உண்மையிலேயே தெரிந்தவராக இருந்தால் இப்போது போய்க் கேளுங்கள். விழுந்த மரத்துக்குச் சட்டம் என்ன என்று கேளுங்கள்.

கதை வேண்டாம், மாமா.

கிரேசி

❖

டெலானிபூர்
23 பிப்ரவரி 1967

அன்புள்ள கிரேசிக்கு,

கதை வேண்டாம் என்று மாமாவுக்கே எழுதிவிட்டாய். சரி. உன் அம்மை இப்படித்தான், சின்ன வயதில் நான் பிடித்த மீனை முழம் போட்டுப் பார்ப்பாள்.

உனக்கு நேரான வழிதானே வேண்டும்? எடுத்துக்கொள்.

காட்டு இலாகா பெரிய ஆபீசில் ஹெட் கிளார்க் சிவஞானம் என்று ஒருவர் இருக்கிறார். தஞ்சாவூர்க்காரர். இலாகாவில் ஒரு இலை விழுந்தாலும் அவர் மேஜையில்தான் விழும். செவ்வாய்க்கிழமை ஷிப்ட் முடிந்து சாத்தம் பாலத்து முனை டீக்கடையில் நான் உட்கார்ந்திருக்கிறேன், அவர் வந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். அதாவது, நின்றுகொண்டேதான் வந்தார், என்னைக் கண்டதும் உட்காரவில்லை.

"மத்தியாஸ் அண்ணனா! ஒங்களைப் பாக்கவே முடியல்லியே!"

"இருக்கட்டும் சார், ஒரு கேள்வி. புயலில் விழுந்த படாக் மரத்தை ஒருத்தன் அறுத்து வீட்டுல வச்சிருக்கான். என்ன ஆகும்?"

பிஸ்கட்டை டீயில் முக்கினவர் அப்படியே நிறுத்திவிட்டார். பாதி பிஸ்கட் உடைந்து டீக்குள் போய்விட்டது. "விழுந்ததா, வெட்டினதா?"

"விழுந்தது."

சுற்றிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "அண்ணே, வெளியில் சொல்லாதீங்கோ. புயலுக்கு அப்புறம் ஒரு உத்தரவு போட்டிருக்கு. விழுந்த மரத்தை எடுத்தவன் விசாரணைக்கு முன்னாடி தானே முன்வந்து பலகையைக் கொண்டுவந்து ஒப்படைச்சுட்டா, எழுத்துல ஒரு எச்சரிக்கை மட்டும்தான். நிலத்துல கைவைக்கப்படாது."

"நிச்சயமா?"

"நான் கைப்பட டைப் அடிச்ச உத்தரவு, அண்ணே."

கேட்டாயா? மண்டலிடம் இன்றைக்கே போய்ச் சொல். ஓடையில் எதையும் தாழ்த்த வேண்டாம். அதிகாரி வரும்போது பலகையை எல்லாம் வெளியே அடுக்கி வைத்து, "சாப், விழுந்தது, எடுத்தேன், இந்தாருங்கள்" என்று சொல்லட்டும். நீயும் உள்ளதை உள்ளபடி சொல்லலாம், அந்தப் பிள்ளையும் பொய்க்காரி ஆகவேண்டாம். இதைவிட நேரான வழியை யாராலும் ரம்பம் போட்டு அறுத்து எடுக்க முடியாது.

நன்றாகச் சாப்பிடு. உன் அம்மை கருவாடு அனுப்புகிறாள்.

உன் மாமா
மத்தியாஸ்

❖

ஷிமுல்தலா
5 மார்ச் 1967

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றே மண்டல் வீட்டுக்கு ஓடினேன். ஓடைக்குக் கொண்டுபோக இரண்டு பேரை ஏற்பாடு செய்து வைத்திருந்தார். உங்கள் கடிதத்தை இந்தியில் சொன்னேன். மறுபடி சொல்லச் சொன்னார். "எழுத்துல எச்சரிக்கை மட்டும்தானா? நிலத்தைத் தொடமாட்டாங்களா?" என்று கேட்டார். "உங்க மாமா சொன்னா சரியா இருக்குமா?" என்று அவர் மனைவி உள்ளேயிருந்து கேட்டார். அந்த அம்மா என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

"என் மாமா என்னிடம் பொய் சொல்லமாட்டார்" என்றேன்.

முந்தாநாள் விசாரணை. அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கும்போது மண்டல் பலகைகளை வீட்டு வாசலில், ஊரே பார்க்க, வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். தண்ணீர் தெளித்துத் துடைத்திருந்தார், மாமா. ஏதோ கல்யாணத்துக்குக் கொடுக்கிற மாதிரி. எல்லாம் பளபளவென்று சிவந்து கிடந்தது. இவ்வளவு இருக்கும் என்று ரேஞ்சரே நினைக்கவில்லை.

அதிகாரி நல்ல மாதிரிதான் பேசினார். "மண்டல், இவ்வளவையும் நீயே எடுத்துவச்சுட்டியே. யார் சொன்னாங்க?"

"உத்தரவு இருக்கு, சாப். விழுந்த மரத்தை ஒப்படைச்சா நிலத்தைத் தொடமாட்டீங்கன்னு."

"எந்த உத்தரவு?"

மண்டல் என்னைத் திரும்பிப் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள். நான் சொன்னேன், போர்ட் பிளேர் ஆபீசில் சிவஞானம் என்பவர் டைப் அடித்தது, என் மாமாவிடம் சொன்னார் என்று. அதிகாரி சிரிக்கவில்லை. யோசித்தார். "நான் பார்த்ததில்ல. புயலுக்கப்புறம் நெறைய காகிதம் வந்துச்சு, இருக்கலாம். பிரதி கொண்டு வாங்க. ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி வரேன். அதுவரைக்கும் நிலத்துல ஏர் பூட்டக்கூடாது" என்றார். பிறகு என்னிடம் தூளைப் பற்றிக் கேட்டார். சுசீலா சொன்னது உண்மை என்று சொன்னேன். அவள் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிரதி வந்தால் நிலம் இருக்கும். வராவிட்டால் அவரே ஒப்புக்கொண்டு அடுக்கி வைத்த பலகைதான் அவருக்கு எதிரான சாட்சி. ஓடையில் தாழ்த்தியிருந்தால் ஒருவேளை தப்பியிருப்பார். நான்தான் தடுத்தேன்.

ஆனால் மண்டலுக்குக் கவலையே இல்லை. "மாமா பிரதி அனுப்பிடுவாரு" என்கிறார். உங்களுக்கு ஒரு பூசணிக்காய் கொடுத்தனுப்பியிருக்கிறார். சுசீலா நேற்று வகுப்பில் உட்கார்ந்து படம் வரைந்தாள், இத்தனை நாளுக்குப் பிறகு. என்னிடம் வந்து, "டீச்சர்ஜி, மாமா எப்படி இருப்பாரு? மீசை உண்டா?" என்று கேட்டாள். உண்டு என்றேன். தொப்பி வைத்து, மீசை வைத்து, மேஜைக்குப் பின்னால் உட்கார வைத்து உங்களை வரைந்திருக்கிறாள். பார்க்காத ஒன்றை அவள் வரைந்தது இதுதான் முதல். கடிதத்தோடு வைத்திருக்கிறேன்.

உத்தரவின் எண் எனக்கு வேண்டும். தேதி வேண்டும். சிவஞானத்திடம் கேட்டுப் பிரதி வாங்கி அடுத்த கப்பலில் அனுப்புங்கள். உங்கள் கடிதத்தை மறுபடி மறுபடி படிக்கிறேன். டீக்குள் உடைந்து விழுந்த பிஸ்கட் வரைக்கும் எழுதியிருக்கிறீர்கள். எண்ணை மட்டும் ஏன் எழுதவில்லை?

கிரேசி

❖

கப்பலில், ரங்கத் ஜெட்டிக்கு வெளியே
12 மார்ச் 1967

அன்புள்ள கிரேசிக்கு,

நம்பமாட்டாய், நான் வந்துவிட்டேன். மாமாவே நேரில். சுக்கானி உதுமான் என்னை மேல்தட்டில் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு வந்தான். வழியெல்லாம் கடல் என்னைப் பார்த்து அடங்கிவிட்டது. ஒருமுறை மட்டும் வாந்தி எடுத்தேன், அது எண்ணெய்ப் புகையால்.

மில்லில் லீவு கேட்டேன். போர்மேன் தரமாட்டேன் என்றான். "சாப், நான் இல்லாம விஞ்ச் ஓடுதான்னு பாருங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். உண்மையில், அது ஓடும். எனக்கு உதவிக்கு இருக்கிற தெலுங்குப் பையன் என்னைவிட நன்றாகவே ஓட்டுவான்.

பூசணிக்காயை உன் அம்மை குழம்பு வைத்தாள். நான் சாப்பிடவில்லை. பசியில்லை என்று சொன்னேன். படத்தையும் பார்த்தேன். தொப்பி நன்றாக இருக்கிறது. மேஜை நன்றாக இருக்கிறது. உன் அம்மை அதைச் சுவரில் ஒட்டப் போனாள், வேண்டாம் என்று வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

கப்பல் ஜெட்டியில் சேர இன்னும் கொஞ்ச நேரம் ஆகும். இந்தக் கடிதத்தை உதுமான் முன்னால் இறங்கி உன்னிடம் கொண்டு வந்து தருவான். நீ படித்து முடித்த பிறகு நான் இறங்குவேன். ஜெட்டியில் எல்லாரும் நிற்க, உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் வாயால் சொல்ல முடியாது. வாயைத் திறந்தால் எனக்கு வேறு ஏதாவது வந்துவிடும். உனக்குத் தெரியும்.

வியாழக்கிழமை பெரிய ஆபீசுக்குப் போனேன். காலையிலேயே வரிசையில் நின்றேன். மத்தியானம் என் முறை வந்தது. சிவஞானம் கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டு, "யாருய்யா நீ?" என்றார்.

மில்லில் வேலை செய்கிறேன் என்றேன். விழுந்த மரத்துக்கு ஏதாவது உத்தரவு உண்டா என்று கேட்டேன். பாவம், நல்ல மனுஷன். இரண்டு கட்டுக் காகிதம் பிரித்துப் பார்த்தார். "விழுந்தாலும் வெட்டினாலும் படாக்குன்னா ஒண்ணுதான்யா. ஏன் கேக்கறே?" என்றார்.

எல்லாவற்றையும் சொன்னேன். மருமகள், பெங்காலிக்காரர், வாசலில் அடுக்கின பலகை, எல்லாம். பிரித்த கட்டுகளை மறுபடி கட்டி வைத்தார். பிறகு சொன்னார், "அந்த ஆள் தானா ஒப்படைச்சது ஒரு பொய்யை நம்பித்தான்னு, விசாரிக்கிற அதிகாரி முன்னாடி பொய் சொன்னவனே வந்து சொன்னா, எழுதிக் கையெழுத்தும் போட்டா, அதை அவர் கவனிக்கலாம். கவனிக்காமலும் போகலாம். ஆனா இல்லாத சர்க்கார் உத்தரவை உண்டுன்னு சொன்னேன்னு ஒரு சர்க்கார் மில் ஆள் எழுதிக் குடுத்தா, அவன் வேலை என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல."

அதற்குத்தான் வந்திருக்கிறேன். அதிகாரி வரும் நாளில் மண்டலுக்குப் பக்கத்தில் நிற்பேன். அதற்கு முன்னால் மண்டலிடம் போக வேண்டும். நீ கூட வர வேண்டாம். வீட்டை மட்டும் கைகாட்டு. அந்த அம்மா உள்ளேயிருந்து என்ன கேட்டாலும் நானே பதில் சொல்கிறேன். அந்தப் பிள்ளை என்னைப் பார்த்தால் யாரென்று சொல்லாதே. நானே சொல்கிறேன், முடிந்தால்.

அவர்கள் நிலத்தை எடுத்துவிட்டால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. கப்பல் ஏறினது முதல் யோசிக்கிறேன். ஒரு யோசனையும் வரவில்லை. எனக்கு இப்படி ஆனதே இல்லை.

நீ டப்பாவைத் திருப்பி அனுப்பினாயே, அன்றைக்கு அது என் மேஜையில் கிடந்தது. உனக்கு நேரான வழி வேண்டும் என்று எழுதியிருந்தாய். அப்படி ஒரு வழி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். நினைக்க நினைக்க அது எப்படி இருக்கும் என்று எனக்கே தெரிய ஆரம்பித்தது. யார் சொல்லியிருப்பார், எந்தக் கடையில், குரலைத் தாழ்த்தியா உயர்த்தியா என்று. எழுதி முடித்தபோது எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது, மக்கா. சத்தியமாக நானே நம்பினேன்.

உதுமான் கயிறு போடப் போகிறான். கடிதத்தைக் கொடுக்க வேண்டும்.

சிவஞானம் அன்றைக்கு டீக்கடைக்கு வரவே இல்லை.

மாமா